அம்மா நின்று சமைக்க ஒரு கல்

கல் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, என் தங்கை. இருந்தவர்களைவிட இல்லாதவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அப்பா இல்லை, விடிவதற்கு முன் கட்டுமரத்தில் போனவர் இன்னும் கரை திரும்பவில்லை. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கொத்தனார் இல்லை, ஐந்து ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம கல்லு வரப்ப நான் வாசல்ல நிப்பேன் தம்பி" என்று சொன்ன மனிதர் அவர். பெரியம்மா இல்லை, நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் துலக்குகிற சத்தம் மட்டும் இருந்தது. பெரியப்பாவும் இல்லை. எதிரே பூவரச மரத்தடியில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், வண்டியையும் கல்லையும் என்னையும் நன்றாகப் பார்த்துவிட்டு மறுபடியும் ஊசியைப் பார்த்துக்கொண்டவர், இருந்தவராக எப்படிக் கணக்காவார்?

வண்டிக்காரர் கல்லை வாசலில் சாய்த்துவிட்டு, "நாலு ஆளு வேணும் இத உள்ள தூக்க. ஆம்பிளைங்க எங்க?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் என்னையும் என் மூக்குக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் வரேன்" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா வெள்ளைக்காரர் தெருக்களில் வாடிக்கையாக மீன் கொடுத்துவந்தாள். ஒரு மழைநாளில் மீன்கூடையோடு படியிறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் பெயர்ந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் பல வாரம் வைத்திருந்து, அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: நடக்கலாம், நிற்கலாம், இனிமேல் காலை மடக்கித் தரையில் உட்காரவே கூடாது.

டாக்டருக்கு அது ஒரு வரி. எங்கள் வீட்டில் அது குசினியையே பூட்டுகிற உத்தரவு. அடுப்பு தரையில், அம்மி தரையில். மீன் அரிகிற அருவாமனையோ, பலகையின்மேல் ஏறிக் குந்தி உட்கார்ந்தால்தான் நிற்கும். உட்கார முடியாதவளுக்குச் சமையல் இல்லை. தங்கைக்குக் கஞ்சி வைக்கத் தெரியும், குழம்பு வராது. ஆகவே பெரியம்மா சமைத்து அனுப்பினாள். மூன்று மாதம் அனுப்பினாள். அதையும் நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் குண்டானோடு ஒரு பேச்சும் சேர்ந்து வந்தது.

"கால நீட்டிக்கினு உக்காந்துக்கடி. மகாராணி மாதிரி துண்ணு. இனிமே உனக்கு இன்னா வேல?"

அம்மா "சரிக்கா" என்பாள். பெரியம்மா போனதும் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுப் பாதியில் கை கழுவிவிடுவாள். பதினைந்து வயதில் இந்த வீட்டுக்கு வந்து தனக்கென்று மூட்டிய அடுப்பு அணைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவளால் முடியவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்தால் தெரிந்தது.

அதோடு விட்டிருந்தாலும் நான் சும்மா இருந்திருப்பேன். ஒருநாள் பெரியப்பா வந்து எங்கள் குசினியில் நின்று சுவரையும் கூரையையும் சுற்றிப் பார்த்தார். "இந்த எடம் சும்மாதான கெடக்குது. அடுப்ப இடிச்சிட்டா பெரிய வலைய இங்க போட்டுக்கலாம். மழையில நனையாது" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அண்ணனும் தம்பியும் ஒரே வலையில் பங்கு. அப்பா தன் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு சாப்பாட்டில் அம்மாதான் சொன்னாள், என்னைப் பார்க்காமல், சோற்றைப் பார்த்து: "மதாம் வீட்டு குசினியில இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கருங்கல்லு போட்டிருக்கும். அந்த குசினிக்காரரு ஒருநாள் கூட உக்காந்து நான் பாத்ததில்ல. எல்லாம் நின்னுக்கினேதான்."

அம்மாவிடம் வாடிக்கையாக மீன் வாங்கிய பிரெஞ்சுக்காரியான அந்த மதாம் அப்போது பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு ஆட்சி போன இணைப்புக்குப் பிறகு அப்படிப் பல வீடுகள் காலியாகி, சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கட்டில், பீரோ, கண்ணாடி என்று பணக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். குசினியிலிருந்து பெயர்த்து முற்றத்தில் போட்டிருந்த கல்லை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அம்மா எத்தனையோ வருடம் அந்தக் கல்லின்மேல் வஞ்சிரத்தையும் கொடுவாவையும் வைத்து விலை பேசியவள். கல் இறங்கிய அன்று அதன் மேற்புறத்தைத் தடவிவிட்டு, "அதேதான்" என்றாள்.

கொத்தனார் ஏன் வரவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. சந்தைக்குப் போகிற வழியில் பிடித்துக் கேட்டேன்.

"உங்க பெரியப்பாரு வேணான்னாரு தம்பி. பெரியவங்க பேச்ச மீறி நான் எப்பிடிக் கரண்டி வைக்கறது?"

"என் வீட்டுக் குசினிக்கு அவர் யாரு வேணான்னு சொல்ல?"

"அத நீங்க அவரத்தான் கேக்கணும்" என்று நடையைக் கட்டினார். வாங்கிய ஐந்து ரூபாயைப் பற்றிப் பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதுவும் கொத்தனாரோடு போய்விட்டது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பிரெஞ்சுப் பள்ளியில் செர்த்திபிகா பரீட்சை தேறி, அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்பு குழைக்க அங்கே யாரும் சொல்லித்தரவில்லைதான். ஆனால் சுவர் எழும்புவதை நான் பார்க்காதவன் இல்லை. அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இடிந்த வீடு ஒன்றிலிருந்து பழைய செங்கல் வாங்கினேன். தங்கை மணல் சலித்தாள்.

உயரத்துக்கு அம்மாவை நிற்கவைத்தேன். முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கீழே ஒரு சாண் விட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டேன். அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. "இன்னாடா, தையக்காரன் மாதிரி அளக்கற?" என்றாள். இரண்டு பக்கமும் செங்கல்லில் இரண்டு தூண் எழுப்பினேன். முன்பக்கத்தைத் தூண்கள் தாங்கும். பின்பக்க விளிம்பு உட்கார, பின்சுவரில் நீளப் பள்ளமாக ஒரு காடி வெட்டினேன். சிக்கல் அந்தக் காடியில்தான் பிறந்தது. அந்தப் பின்சுவர்தான், தாத்தா கட்டிய ஒரே ஓட்டு வீட்டைப் பெரியப்பாவுக்கு ஒரு பாதி, எங்களுக்கு ஒரு பாதி என்று பிரித்த பொதுச்சுவர்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"செர்த்திபிகா படிச்சவன் கரண்டி புடிச்சிட்டான்டா!"

"அடுப்ப மேல ஏத்தறானாம். நாளைக்கி உலைய மரத்துல தொங்கவுடுவான்."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு சட்டி தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. கல்லைத் தூக்கிவைக்க என் அலுவலக நண்பர்கள் மூவர் லாஸ்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். குப்பத்தில் அத்தனை ஆண்பிள்ளைகள் இருக்க, அலைக்கும் கரைக்கும் சம்பந்தமில்லாத மூன்று பேர் வந்து தூக்க வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கொதிக்கிறது.

கல் காடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு பாதியில் செங்கல் பரப்பி, மண் பூசி, அடுப்பை அதன்மேல் வைத்தோம். மறு பாதியில் அம்மியை ஏற்றினோம். "அம்மி மாடி ஏறிடிச்சி!" என்று வாசலில் ஒரு சிரிப்பு எழுந்தது. அம்மா விறகு செருகிப் பற்றவைத்தாள். நின்றுகொண்டே மிளகாய் அரைத்தாள். கை எட்டியது, இடுப்பு வளையவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதன் பிறகு தங்கை ஒரு சட்டி சங்கரா மீனைக் கொண்டுவந்து கல்லின்மேல் வைத்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத எப்பிடிடா அரியறது?"

நான் அருவாமனையை மறந்துபோயிருந்தேன். மதாம் வீட்டு குசினிக்காரர் கத்தியில் நறுக்கினார். அது அவர் வேலை. எங்கள் பெண்கள் மீனைக் கத்தியிடம் கொண்டுபோகிறவர்கள், கத்தியை மீனிடம் அல்ல. கடையில் ஒரு நல்ல கத்தி வாங்கிக் கொடுத்தேன். அம்மா இரண்டு மீன் அறுத்துப் பார்த்தாள். செதில் தெறித்தது, குடல் பிய்ந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "இது யாருதோ கை மாதிரி இருக்குது" என்றாள்.

அருவாமனையையே கல்லின்மேல் ஏற்றினோம். மீனை அலகில் வைத்துத் தள்ளினால் பலகை சறுக்கிக்கொண்டு சுவர்வரைக்கும் போனது. அழுத்திப் பிடிக்க ஒரு காலோ ஓர் ஆளோ வேண்டும். கொல்லரிடம் இரும்புப் பட்டை அடித்து மாட்டினேன். முதல் நாளே நழுவி அம்மாவின் விரலைக் கீறியது. கடைசியில் தங்கைதான் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் பலகையை அமுக்கிப் பிடித்தாள்.

"எண்ணே, எனக்குக் கண்ணாலம் ஆச்சின்னா? மாப்ள வூட்லேர்ந்து தெனம் வந்து இத அமுத்திட்டுப் போறதா?"

"வாய மூடுடி. அமுத்து."

"நான் பள்ளிக்கூடம் போயிருந்தா பலகைக்கி முன்னாடியே வழி பண்ணியிருப்பேன்."

எப்படியோ எங்கள் வீட்டில் மறுபடியும் குழம்பு கொதித்தது. அம்மா முதல் குழம்பில் ஒரு கிண்ணம் ஊற்றிப் பெரியம்மாவுக்குக் கொடுத்தனுப்பினாள். வேண்டாம் என்றேன். "மூணு மாசம் பொங்கிப் போட்டவடா" என்றாள். கிண்ணம் அப்படியே, தொடாமல், திரும்பி வந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது: பொதுச்சுவரைக் கேட்காமல் வெட்டியதற்காகப் பெரியப்பா பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறார்.

சுவர் ஒரு சாக்கு. அந்தக் காடி நாலு விரல் ஆழம்கூட இல்லை; அவர்கள் பக்கத்தில் ஒரு சிட்டிகை காரை உதிரவில்லை. எங்கள் குசினி அணைந்து கிடந்தால் வலைக்கு இடம் கிடைத்திருக்கும், பெரியம்மா இரண்டு வீட்டுக்கும் சோறு போடுகிறவளாக இருந்திருப்பாள். அது போன ஆத்திரம்தான் சுவரைக் காட்டிக்கொண்டு வந்தது.

கோவிலுக்கு முன்னால் மணலில் பஞ்சாயத்துக் கூடியது. எங்கள் குப்பத்தில் கல்யாணம் ஆகி ஊர்வரி கட்டுகிறவனுக்குத்தான் அங்கே பேச்சு. பெண்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. ஆகவே, அந்தக் கல்லின் முன்னால் நிற்கப்போகிறவள் வீட்டில் இருந்தாள். அதைப் போட்டவன் ஓரத்தில் நின்றான். அதில் ஒரு செங்கலும் எடுத்துவைக்காத அப்பா நடுவில் நின்றார்.

நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். "ஐயா, அம்மாவுக்கு டாக்டர்..."

"தம்பி, நீ வரி கட்டறியா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க."

"அப்ப செத்த சும்மா இரு."

பக்கத்தில் யாரோ, "ஆபீசுல எழுதட்டும், இங்க எதுக்கு எழுத்து" என்று சிரித்தார்கள். மேரி என்கிற நகரசபையில் மேயர் நாற்காலிக்கு எதிரே நின்று மனு வாசித்துப் பேசியிருக்கிறேன். எனக்கு இரண்டு மொழி எழுதத் தெரியும். என் தாயின் முழங்காலைப் பற்றிச் சொல்ல அந்த மணலில் எனக்கு வாய் இல்லை.

பெரியப்பா பேசினார். சுவர் ஆடுகிறது என்றார். நெருப்பு கூரைக்குக் கிட்டே போய்விட்டது என்றார், ஓட்டு வீட்டில்! பூமியைத் தொடாத அடுப்பில் பொங்கினால் வீடு விளங்காது என்றார். அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். பெரியவர்கள் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள். கல்லைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டும், காடியை அடைக்க வேண்டும், கேட்காமல் செய்ததற்குக் கோவிலுக்கு இருபத்தைந்து ரூபாய் தெண்டம். பிறகு தலைவர் குரலைத் தணித்து அப்பாவிடம் கேட்டார்.

"அண்ணந்தம்பிக்குள்ள எதுக்குப்பா தெண்டம்? அந்த ரூம வலைக்கி வுட்டுடு. தெண்டத்த நாங்க தள்ளிக்கறோம். ஒன் அண்ணனும் சரின்றாரு."

இருபத்தைந்து ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அப்பா தலை குனிந்தே இருந்தார். நான் முடிந்தது என்று நினைத்தேன்.

"தெண்டம் கட்டிடறேன்" என்றார்.

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு."

"கட்டிடறேன். அவ அங்கதான் சமைப்பா."

பெரியப்பா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

தீர்ப்புப்படி கல்லைச் சுவரிலிருந்து எடுத்தோம். பின்பக்கத்துக்கும் இரண்டு தூண் கட்டினேன். அதற்கு மறுபடி செங்கல், மறுபடி சுண்ணாம்பு. கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற சந்து விட்டேன், இனி யாரும் சுவரைத் தொட்டான் என்று சொல்லக்கூடாது என்பதற்காக. எடுக்கும்போது கல்லின் ஒரு மூலை உடைந்தது. அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் எனக்கு ஞாபகம் வருகின்றன.

அன்று அப்பா கடலுக்குப் போகவில்லை. தங்கை பலகையை அமுக்க, அம்மா மீன் அரிவதை நின்று பார்த்தார். கல்லுக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் எட்டிப் பார்த்தார். வெளியே போய்க் கட்டுமரம் கட்டுகிற கயிற்றில் ஒரு துண்டு கொண்டுவந்தார். அருவாமனைப் பலகையின் மேல் கொடுத்து, முன்பக்கம் இறக்கி, கல்லுக்கு அடியில் விட்டு, சந்து வழியாகப் பின்னால் மேலே இழுத்தார். மரத்தோடு மரத்தைச் சேர்க்கிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, முடிச்சைப் போட்டார். பலகையை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"அரி" என்றார்.

அம்மா ஒரு சங்கராவை எடுத்து அலகில் வைத்துத் தள்ளினாள். தலை தனியாக, வால் தனியாக, நறுக்கென்று விழுந்தது. தங்கை கையை உதறிக்கொண்டு, "அப்பாடி, இனிமே நான் கண்ணாலம் பண்ணிக்கலாம்" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே அடுத்த மீனை எடுத்தாள். சட்டியில் இருந்தது தீரும்வரை அவள் நிறுத்தவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நாலைந்து நாள் கழித்துப் பெரியப்பா உள்ளே வந்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"பாத்தியாடா? சுவத்துலேர்ந்து எடுன்னு நாங்க சொன்னதாலதான இந்தக் கயிறு உள்ள பூந்துது. நீ பண்ண வேலைக்கி ஒங்கம்மா வெரலு போயிருக்கும். பெரியவங்க சொன்னா அதுல ஒரு நல்லது இருக்கும்."

தெண்டம் போட்டது அருவாமனை கட்டவா? வலைக்கு இடம் கேட்டது அம்மாவின் விரலுக்காகவா? கேட்டிருப்பேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "உக்காரச் சொல்லுடா, குழம்பு எறக்கப்போறேன்" என்றாள். அவர் உட்கார்ந்தார். சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சந்து வந்தது எங்கள் செலவில். இன்றைக்கும் குப்பத்தில் யாராவது அந்த மேடையைப் பற்றிப் பேசினால், பஞ்சாயத்துதான் சரியாகப் போடவைத்தது என்று அவர் சொல்வதாகக் கேள்வி. அவர் சொல்லிக்கொள்ளட்டும். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் நாங்கள். ஏலக் கல், வண்டி, இரண்டு முறை செங்கல், இரண்டு முறை சுண்ணாம்பு, வராத கொத்தனாரின் ஐந்து ரூபாய், கொல்லரின் பட்டை, தொடாமல் கிடக்கும் கத்தி, கோவில் தெண்டம், எல்லாம் சேர்ந்து அறுபத்து நான்கு ரூபாய்.